செட்டிநாட்டு வீட்டுக்கு இரண்டு வாசல்

போன மாதம் தோழர் ஒருவர் கல்யாணத்துக்காக அரிமளம் போய்விட்டு வந்து, அங்கே எடுத்த படங்களை முகநூலில் போட்டிருந்தார். கல்தூண் வரிசையாக நிற்கும் திண்ணை, யானை அசைந்து நுழையலாம் போன்ற நிலைக்கதவு, வெயில் சதுரமாக விழும் வளவு, கண்ணாடி போலப் பளபளக்கும் சுவர். மேலே ஒரு வரி: "நம் முன்னோரின் அறிவியல்!" விருப்பக்குறிகள் குவிந்து கிடந்தன. அவர் ஏப்ரல் 14 அன்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிறவர். சாதி ஒழிப்பில் அவருக்கு உள்ள அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "தோழர், எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள்?"

சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார். அவர் சிரித்துக் கடந்த அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த வீடுகள் அழகானவை என்பதை ஒப்புக்கொண்டு விடுவோம். அழகை மறுத்து அரசியல் பேச வேண்டிய தேவை நமக்கில்லை. திருமயம் வட்டத்து அரிமளம், இராயவரம், கடியாபட்டி தொடங்கித் தெற்கே கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டை வரை பரந்து கிடக்கும் நகரத்தார் ஊர்களில் கோடையில் போய் நின்று பாருங்கள். வெளியே மண்டை பிளக்கும் வெயில், உள்ளே குளுமை. உயர்ந்த கூரையும், காற்றை இழுக்கும் முற்றமும், தடித்த சுவரும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சும் செய்யும் வேலை அது. கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் "முன்னோரின் அறிவியல்" என்று ஏதோ சங்க காலத்துச் சரக்கைப் போலப் பேசுவது நகைப்புக்குரியது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, இரும்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆத்தங்குடிக் கல் என்று நாம் கொண்டாடுவதுகூட மண்ணோடு சிமெண்டைக் கலந்து, கண்ணாடிப் பலகை மேல் வார்த்து எடுக்கும் நவீனப் பொருள்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து உலகச் சந்தை, கப்பலில் வந்து புதுக்கோட்டைச் சீமையின் செம்மண்ணில் இறங்கிய கட்டடம் இது. 1927 செப்டம்பரில் செட்டிநாட்டுக்கு வந்த காந்தியே இந்த மாளிகைகளில் அடைத்துக் கிடந்த மேசை நாற்காலிகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். என்னிடம் விட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிடக் காற்றோட்டமாக அமைத்துத் தருவேன் என்ற பொருளில் பேசினார். தட்டுமுட்டுச் சாமானைப் பற்றி அவர் சொன்னது சரிதான். என் அக்கறை சாமானில் இல்லை, வாசலில் இருக்கிறது.

வீட்டின் வரைபடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசையாகப் போகும். முன்வாசலில் நின்றால் கடைசி வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கண் பாயும். கட்டடக்கலைப் பேராசிரியர்கள் இந்த நேர்கோட்டைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கண் போன வழியில் எல்லாருடைய காலும் போக முடியாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். முகப்பில் கணக்குப் பார்க்கும் ஆண்கள். வளவில் சொந்தசாதிக் கல்யாணம், காதுகுத்து. இரண்டாங்கட்டில் பெண்கள். அதற்கும் பின்னால் அடுப்படி, வேலைக்காரர்கள். அதற்கும் அப்பால் மாட்டுக்கொட்டில், நெல் அவிக்கும் இடம், பின்வாசல். அந்தப் பின்வாசலுக்கும் வெளியே நிற்பவர்கள் நாம்.

"நாம்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் அப்பாயி அப்படி நின்றவர். அரிமளத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், இப்படி ஒரு பெரிய வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் நெல் அவித்துக் குத்தினார், கொட்டில் கூட்டினார். குடிக்கத் தண்ணீர் உயரத்திலிருந்து கையில் ஊற்றப்படும். காப்பி, அதுவும் நல்ல நாளில், கொட்டாங்கச்சியில் வரும். அந்தக் கொட்டாங்கச்சியைத் தென்னை மரத்து அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வருவாராம், நாளைக்கு வேண்டும் என்று. அந்த வீடு பிற்காலத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்க விடும் இடமாக மாறியது. ஒருநாள் நானும் என் தங்கையும் அப்பாயியை அழைத்துக்கொண்டு போனோம். முன்வாசலில் வெகுநேரம் நின்றார். கூச்சம் என்று நாங்கள் நினைத்தோம். அவர் சொன்னார்: "இந்தப் பக்கம் இருந்து பாத்தா எந்த வீடுன்னே தெரியலடா." உள்ளே வந்து வளவில் நின்று மேலே வானத்தைப் பார்த்தார். "உள்ளுக்குள்ள இவ்வளவு வெளிச்சமா இருந்துச்சு?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

இருபது வருடம் உழைத்த வீட்டின் முகத்தை அவர் பார்த்ததில்லை. சீட்டு வாங்கியவர்களுக்கு அந்த வீட்டு ஆள் கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். தேக்கு எங்கிருந்து வந்தது, சலவைக்கல் எங்கிருந்து வந்தது என்று எல்லாம் சொன்னார். நெல் எங்கே அவித்தார்கள், யார் அவித்தார்கள் என்று சொல்லவில்லை. பின்கட்டு பூட்டியிருந்தது.

"அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தானே?" என்று கேட்பார்கள். ஆம், எல்லா இடத்திலும் அப்படித்தான். அதனால்தான் இது ஒரு வீட்டுக்காரரின் கெட்ட குணத்தைப் பற்றிய பேச்சில்லை. ஓர் ஏற்பாட்டைப் பற்றிய பேச்சு. சாதி என்பது மனத்தில் இருக்கும் ஏதோ மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு கட்டட விதி. எவன் எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம், எதை வைத்துக் கூரை போடலாம், வீட்டுக்குள் என்ன பாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் விதி. திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்ற தடை இருந்தது. நம் பக்கத்துக்கு வருவோம்.

அரிமளம் அன்றைக்குத் தொண்டைமான் சமஸ்தானம். தெற்கே எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இராமநாதபுரம் மாவட்டம். அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினரான கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அண்ணல் அம்பேத்கரும் எடுத்துக் காட்டியிருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது, ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது என்று போகும் பட்டியலில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

அடுத்த ஆண்டு ஜூனில் பதினோரு தடைகள் வந்தன. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 முதல் மாலை 6 வரை கூலி வேலை; ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்துக்குக் குதிரை ஊர்வலம் கூடாது, வண்டி கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் தங்கள் வீட்டுக் கதவையே கழற்றிப் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடைசித் தடையைத் திரும்பப் படியுங்கள். பக்கத்து ஊரில் பர்மாத் தேக்கில் மாதக்கணக்காக இழைத்து இழைத்து நிலைக்கதவு செதுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சேரிக்காரனின் கதவு வீட்டை மூடுவதற்குக்கூட முழுதாகச் சொந்தமில்லை; அவன் மகள் கல்யாணத்தன்று அது கழன்று தோளில் ஏற வேண்டும். இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பெருநகர விடுதிக்காரர்களும் பண்ணைவீட்டுக்காரர்களும் வந்து பேரம் பேசி வாங்குகிறார்கள். அந்தக் கதவு பாரம்பரியம். சேரிக் கதவு எங்கே? மக்கி மண்ணாகிவிட்டது. கல்லிலும் தேக்கிலும் கட்டியவனின் வரலாறு மட்டும்தான் நிற்கும். களிமண்ணில் இருக்க வைக்கப்பட்டவனின் வரலாறு இரண்டு மழைக்குக் கரையும். பாரம்பரியப் பாதுகாப்பு என்று பேசும்போது, எதைக் கரையாமல் கட்ட யாருக்கு அனுமதி இருந்தது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டாமா?

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். "கடல் கடந்து உழைத்துச் சம்பாதித்தது" என்பார்கள். பர்மாவின் இராவதிக் கழிமுகத்து உழவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. இதைச் சொன்னால் உடனே 'ஒரு சமூகத்தைத் தூற்றுகிறான்' என்று கிளம்புவார்கள். அந்தக் காலத்து வங்கிகள் கதவைத் திறக்காத உழவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதும் உண்மை, 1942இல் போர் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்ததும் உண்மை. ஆனால் அதே சீமையிலிருந்து இன்னொரு கூட்டமும் கடல் கடந்தது. புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்துச் சேரிகளிலிருந்தும் ஏழைக் குடியானவர் வீடுகளிலிருந்தும் கங்காணிகளால் அள்ளிச் செல்லப்பட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். அவர்களுக்குக் கிடைத்த வீடு லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதில் ஒரு குடும்பம். இருவரும் கடந்தது ஒரே கடல்தான். ஒருவருக்கு மூன்று கட்டு வீடு, இன்னொருவருக்கு லயத்தில் ஓர் அறை, அதுவும் தோட்டத்துரைக்குச் சொந்தம். உழைப்பின் அளவால் வந்த வித்தியாசம் இது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இந்த வீடு பூட்டி வைத்தது நம்மை மட்டுமில்லை. சாதியின் உயிர்நாடி அகமணம், அதற்காகப் பெண்ணைக் கட்டிப்போடுவதே அதன் முதல் வேலை என்று 1916லேயே அம்பேத்கர் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் எடுத்துக்காட்டினார். செட்டிநாட்டு வீட்டின் வளவைச் சுற்றியுள்ள அறைகளைப் பாருங்கள்: கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணமானால்தான் கோயிலில் ஒரு 'புள்ளி'. சாதிக்கு வெளியே கட்டிக்கொண்டவனுக்குப் புள்ளி கிடையாது என்பதே வழக்கம். ஆக, சாதி மாறாமல் பெருகுவதற்கென்றே அளந்து கட்டிய வீடு அது. இதை எதிர்த்து உள்ளிருந்தே குரல் எழுந்ததையும் சொல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து 'குமரன்' இதழை நடத்திய சொ. முருகப்பா சுயமரியாதை இயக்கத்தவர். கைம்பெண் மறுமணத்தை எழுதியதோடு நிற்காமல் தானே செய்து காட்டியவர். செட்டிநாட்டுப் பாரம்பரியம் என்று சுற்றுலா நடத்துபவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள்? பணியாரமும் கவுனி அரிசியும் பாரம்பரியத்தில் இடம் பிடித்துவிட்டன, முருகப்பா இன்னும் பிடிக்கவில்லை.

"மழைநீர் சேகரிப்பு" பற்றியும் ஒரு பேச்சு இருக்கிறது. கூரை நீர் முற்றத்தில் விழுந்து, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பெயரைக் கவனியுங்கள்: ஊர் உண்ணும் நீர், ஊருணி. நம் சீமையில் 'ஊர்' என்றால் சேரி அதில் அடங்காது. ஊர் வேறு, சேரி வேறு. கூரையில் விழும்போது மழைக்குச் சாதி இல்லை. ஊருணிப் படிக்கட்டுக்கு வந்ததும் வந்துவிடுகிறது. பழங்கதை என்பவர்கள் இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலை நினைத்துக்கொள்ளட்டும். 2022 டிசம்பர் 26 அன்று தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. மறுநாள் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போய்ப் பார்த்தபோது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் நுழையத் தடையும் இருந்ததும் சேர்ந்தே வெளியே வந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் விசாரித்த சிபிசிஐடி, 2025 ஜனவரியில் அந்தத் தண்ணீரைக் குடித்த தரப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. என் அப்பாயி கையேந்திக் குடித்த தண்ணீருக்கும் இந்தத் தொட்டித் தண்ணீருக்கும் நடுவில் எத்தனை ஆண்டு கடந்தது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு எண்ணிக்கை குழம்புகிறது.

கல் வீட்டின் சுவர் இன்றைக்கும் கொல்கிறது. 2019 டிசம்பர் 2, விடியும் முன். மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பெரிய வீட்டைச் சுற்றி எழுப்பியிருந்த இருபதடி உயரக் கருங்கல் மதில், மழையில் சரிந்து, ஒட்டியிருந்த ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். எல்லாரும் தலித்துகள். நீதி கேட்டு மறியல் செய்தவர்களைத்தான் போலீஸ் முதலில் அடித்து உள்ளே தள்ளியது. இருபதடிக்குக் கருங்கல்லை அடுக்க வைத்தது எந்தத் தேவை? திருடனுக்குப் பயந்து யாரும் இருபதடி கட்டுவதில்லை. அடுத்த வீட்டுக்காரன் கண்ணில் படக் கூடாது என்பதற்கு மட்டும்தான் அவ்வளவு உயரம் வேண்டும்.

கல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்த மாவட்டத்தை விட்டுப் போக முடியாது. தூணுக்கும் படிக்கும் தொட்டிக்கும் கல்லை உடைத்துக் கொடுத்தவர்களின் பெயர் எந்தத் தூணிலும் இல்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு காரியம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையாய்க் கிடந்து கல் உடைத்த பெண்களுக்கே, குழுவாகச் சேர்ந்தால் குவாரியைக் குத்தகைக்குத் தருவது என்று முடிவானது. குடுமியான்மலைப் பக்கம் பெண்கள் குவாரி நடத்தினார்கள், கணக்கு எழுதினார்கள், அறிவொளி வகுப்புக்குப் போனார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். ஒப்பந்தக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள், தொல்லை கொடுத்தார்கள். புதுக்கோட்டையின் கல் பாரம்பரியம் என்று என்னைக் கேட்டால் சித்தன்னவாசலுக்கும் திருமயம் கோட்டைக்கும் அடுத்து அந்தக் குவாரிகளைத்தான் சொல்வேன். அங்கே ஒரு பெயர்ப்பலகையாவது இருக்க வேண்டும்.

பலகை என்றதும் யுனெஸ்கோ நினைவுக்கு வருகிறது. 2014இல் செட்டிநாடு அதன் உத்தேசப் பட்டியலில் ஏறியது, "தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்" என்ற பெயரில். பெயரிலேயே கிராமம் வணிகருக்குப் பட்டா போடப்பட்டுவிட்டது. அந்தக் கிராமங்களில் தச்சர் இருந்தார், கொத்தர் இருந்தார், சுண்ணாம்பு அரைத்த பெண்கள் இருந்தார்கள், வண்ணார் இருந்தார், பறை அடித்தவர் இருந்தார், சுடுகாட்டுக்குத் தனிப்பாதை இருந்தது. இவர்களும் சேர்ந்ததுதான் கிராமத் தொகுதி.

வீடுகளை இடிக்கச் சொல்கிறேனா? இல்லை. இடித்தால் சாட்சியும் சேர்ந்து போய்விடும், கதவு மட்டும் யாரோ ஒருவரின் விடுதிக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவில் ஜெஃபர்சனின் மோண்டிசெல்லோ மாளிகை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நெடுங்காலம் அங்கேயும் மாளிகையின் அழகைத்தான் காட்டினார்கள். கறுப்பின மக்களும் ஆய்வாளர்களும் விடாமல் கேட்டுக் கேட்டு, அடிமைகள் வாழ்ந்த குடில்கள் மறுபடி எழுப்பப்பட்டன. 2018இல் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் வாழ்க்கைக்கே ஒரு கண்காட்சி திறந்தார்கள். வீடு அப்படியே நிற்கிறது. பார்க்க வருபவர் கேட்கும் கதை மாறிவிட்டது. நாம் கேட்பதும் அவ்வளவுதான்: அரசுப் பணமும் சுற்றுலாத் துறையின் விளம்பரமும் பெறும் எந்த வீடும் பின்கட்டைப் பூட்டி வைக்கக் கூடாது. முன்வாசலில் தேக்கின் கதையை எழுதி வைப்பது போல, பின்வாசலில் யார் எதற்காக வந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எதில் தண்ணீர் குடித்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த வேலை செய்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் எண்பது வயதுக்காரர்களிடம், அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். இதை அரசு செய்யும் வரை காத்திருந்தால் அவர்கள் இருக்க மாட்டார்கள். என் அப்பாயி போய் நான்கு வருடமாகிறது.

படம் போட்ட தோழர் இரண்டு நாள் கழித்து அழைத்தார். கோபித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். "அப்ப என்னதான் படம் எடுக்கச் சொல்றீங்க?" என்றார். அந்த வீட்டுப் பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை. அங்கிருந்து காலனிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை. தையில் இருவரும் அரிமளம் போவதாக இருக்கிறோம். ஒலிப்பதிவுக் கருவி அவர் கொண்டு வருகிறார். இந்த முறை பின்தெருவிலிருந்து தொடங்குகிறோம்.